ஜெர்மனியில் முதல் கிறிஸ்துமஸ்: பெட்டியில் என்ன வைக்கலாம், எதை விடணும்?

ஓலைக்குடா அக்கா:
மக நர்சிங் பயிற்சிக்கு ஜெர்மனி போறா. நவம்பர் கடைசியில பயணம். ஹாஸ்டல் ரூம், அடுப்படி நாலு பேருக்குப் பொது. நெத்திலிக் கருவாடு, சாயல்குடி கருப்பட்டி, முறுக்கு, நெய், கறிவேப்பிலை, காகித ஸ்டார், பட்டாசு எல்லாம் கொடுத்து விடலாமா? அங்கே நடுச்சாமப் பூசை உண்டா?

பாம்பன் தம்பி:
அக்கா, நெய்யை எடுத்து வெளியில வெச்சிருங்க. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள பயணி கையில பால், இறைச்சிப் பொருள் போகக் கூடாது. பால்கோவாவும் வம்புதான். பச்சைக் கறிவேப்பிலைக்கு, பூச்சி நோய் இல்லைன்னு காட்டுற தாவர நலச் சான்று கேட்பாங்க, இல்லைன்னா குப்பைக்குப் போயிரும். பொடியில சேர்த்து அரைச்சுக் கொடுங்க. முறுக்கு, கருப்பட்டிக்குத் தடை இல்லை. தேங்காய்க்கும் சான்று தேவையில்லை.

கருவாடு ஆளுக்கு 20 கிலோ வரை விடுவாங்க, ஒரு கிலோவே அவளுக்குத் தாராளம். தலையையும் குடலையும் கிள்ளிட்டு மறுபடி ரெண்டு வெயில் காய வைங்க. ஐப்பசி மழை பிடிச்சா நம்ம கரையில வெயில் கிடைக்காது, அதனால முன்கூட்டியே முடிங்க. நல்லா ஆறின பிறகு காத்துப் போகாம ரெண்டு உறை போட்டுக் கட்டணும். சூட்டோட கட்டினா உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அங்கே வறுக்கவே வேண்டாம்னு சொல்லுங்க: குளிருக்கு ஜன்னல் சாத்தியிருக்கும், புகை எழும்பினா கூரையில இருக்கிற அலாரம் கத்தும். மூடி போட்ட சட்டியில குழம்பு வைக்கட்டும். இறக்கினதும் ஹீட்டரை அணைச்சுட்டு ஜன்னலை முழுசாத் திறந்து அஞ்சு நிமிஷம் விட்டாப் போதும்.

மண்டபம் வாசி:
பூசை நேரத்துலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. அங்கே கொண்டாட்டமே 24 சாயங்காலம். பரிசு கொடுக்கிறதும் அன்னைக்கே. கோயில்ல பிள்ளைகளுக்கான குடில் வழிபாடு மதியம் 3, 4 மணிக்கே தொடங்கும். பெரிய பூசை ஊருக்கு ஊர் மாறும், நடுச்சாமத்துல எல்லா இடத்துலயும் இருக்காது. பங்குக் கோயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வெச்சுக்கணும். குளிர்காலத்துல ஜெர்மனி நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னாடி. நம்ம ஊர்ல ராத்திரி 12 மணிப் பூசை அவளுக்குச் சாயங்காலம் 7:30. போன்ல பார்த்துட்டே அங்கத்துப் பூசைக்கும் போகலாம். ஆனா 24 இருட்டினா பஸ், ட்ராம் குறைஞ்சிரும், திரும்பி வர்ற வழியை முன்னாடியே பார்த்து வைக்கட்டும்.

அதைவிட முக்கியம் கடை. 2026-ல டிசம்பர் 25 வெள்ளி, 26-ம் அரசு விடுமுறை, 27 ஞாயிறு. 24 மதியம் 2 மணிக்குள்ள சூப்பர் மார்க்கெட் சாத்திருவாங்க, பிறகு 28 திங்கள்தான். அரிசி, பால், முட்டை, காய்ச்சல் மாத்திரை எல்லாம் 23-ம் தேதியே வாங்கிரணும். சாப்பாட்டுச் சாமான் மறந்தா பெட்ரோல் பங்க்கும் பெரிய ரயில் நிலையக் கடையும்தான் கதி, விலை கண்ணைக் கட்டும். கிறிஸ்துமஸ் சந்தையும் பல ஊர்ல 23 வரைதான். அங்கே சூடான பானம் வாங்கினா கோப்பைக்கும் சேர்த்துக் காசு பிடிப்பாங்க; திருப்பிக் கொடுத்தா வந்துரும்.

ஓலைக்குடா அக்கா:
ரொம்ப நன்றி. ஸ்டாருக்கும் பட்டாசுக்கும் பதில் சொல்லுங்க. முறுக்கை டிசம்பர்ல பார்சலாப் போட்டா?

பாம்பன் தம்பி:
ஸ்டாரை மடிச்சுப் பெட்டியில வைங்க, பல்பு வயர் வேண்டாம். கரன்ட் அதே 230 வோல்ட்தான், ஆனா நம்ம மூணு முனை பிளக் அந்தச் சுவர்ல நுழையாது. அங்கேயே எல்.இ.டி. சரம் வாங்கி உள்ளே விடட்டும். காகிதத்துக்குள்ள குண்டு பல்பு கருக்கிரும். 2026-ல நவம்பர் 29 ஞாயிறு தொடங்கி வாரம் ஒண்ணா நாலு மெழுகுவத்தி ஏத்துற இலை வளையம் எங்கேயும் இருக்கும். இலை காஞ்சா பத்திக்கும், ஹாஸ்டல்னா பேட்டரி மெழுகுவத்தி நல்லது.

பட்டாசு கிறிஸ்துமஸ்க்கு வெடிக்கவே கூடாது, டிசம்பர் 31, ஜனவரி 1 மட்டும்தான் அனுமதி. பெட்டியில வைக்கிறதை நினைக்கவும் வேண்டாம், விமானத்துல ஏத்த மாட்டாங்க.

டிசம்பர்ல போடுற பார்சல் சுங்கத்துல தேங்கும், கிறிஸ்துமஸ் முறுக்கை அவ பெட்டியிலேயே வைங்க. பிறகு பார்சல் போடுறதா இருந்தா இதைக் கவனிங்க. வீட்டிலிருந்து வீட்டுக்குப் போற அன்பளிப்பு 45 யூரோ மதிப்பு வரை வரி இல்லை. படிவத்துல 'தின்பண்டம்'னு மொட்டையா எழுதாம, அரிசி முறுக்கு ஒரு கிலோ, இத்தனை ரூபாய்னு தனித்தனியா எழுதுங்க. நெய் தடை பார்சலுக்கும் உண்டு.