புள்ளியில்லாத ஏட்டை ஊர்ச்சனம் எப்படி வாசிச்சாங்க?

கேள்வி (திருகோணமலை, தம்பலகாமம்): பழைய ஓலை ஏட்டில மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லை. முந்தின ஆக்கள் எப்படி வாசிச்சாங்க?

பதில் 1: வாய்விட்டு, இராகத்தோட. எழுத்தாணியால புள்ளி குத்தினா ஓலை கிழியுமெண்டு விட்டிருவாங்க. எ, ஏ வித்தியாசமும் தெரியாது; துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி. சொல்லுக்கிடையில இடைவெளியும் இல்லை. செய்யுளெண்டா எதுகையும் ஓசையும் பிடிச்சுக் குடுக்கும். உரைநடை ஏடுதான் பெரிய தலையிடி.

பதில் 2: எல்லாருக்கும் எழுத்துத் தெரியத் தேவையில்லையே. புராண படனத்தில ஒருவர் வாசிப்பார், மற்றவர் பயன் (பாட்டின்ர பொருள்) சொல்லுவார், சனம் கேட்கும். கிழக்கில வைகாசியில கண்ணகி வழக்குரை எண்ட கண்ணகி கதைப் பாடலை வாசிக்கிறதும் காதால கேட்கிற வாசிப்புத்தான்.

பதில் 3: மங்கின எழுத்துக்கு விளக்குக்கரியை எண்ணெயில குழைச்சுப் பூசி, துணியால துடைப்பாங்க, கீறலுக்குள்ள மட்டும் கறுப்பு நிற்கும். நொறுங்கிற ஓலையில செய்யாதீங்க. ஏட்டைக் கோத்திருக்கிற கயிற்றை இழுத்தா ஓலைத் துளை கிழியும்.

கேட்டவர்: “கால”, “கரல” எண்டு மாறி மாறி வாசிச்சதுக்குக் காரணம் இப்ப விளங்குது!