11 நிமிடப் பாட்டை வெட்டலாமா? உள்ளூர் ப்ராக் குழுவுக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி?

ஏழெட்டு:
சென்னையில் நாங்கள் ஐந்து பேர் மூன்று வருடமாக ப்ராக்ரெசிவ் ராக் (சுருக்கமாக ப்ராக், பல பகுதிகளாக நீளும் ராக் இசை) வாசிக்கிறோம். சொந்தப் பாட்டு ஆறு இருக்கிறது. இருப்பதிலேயே சின்னது எட்டு நிமிடம், பெரியது பதினொன்று. போன மாதம் ஒரு பப்பில் வாசித்தபோது 38 பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டாரும் நண்பர்களும்தான். அடுத்த வாய்ப்பு வேண்டுமென்றால் நாலு சினிமாப் பாட்டு சேர்க்க வேண்டும், சொந்தப் பாட்டை நாலு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பப்காரர்கள் சொல்லிவிட்டார்கள். குழுவுக்குள்ளேயே இப்போது இரண்டு கட்சி. உங்கள் கருத்து என்ன?

மேடைக்குப்பின்:
தம்பி, பன்னிரண்டு வருடமாக நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி அங்கே வருகிறவர் உங்களைத் தேடி வரவில்லை. தெரிந்த ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தால்தான் தெரியாததையும் கேட்பார். பெங்களூரு அகம் குழுவைப் பாருங்கள். 2007-ல் சன் டிவி இசைக்குழுப் போட்டியில் ஜெயித்தார்கள். ஜனங்களுக்குக் காது பழகிய கீர்த்தனைகளை எடுத்து, அதன்மேல் ராக்கைக் கட்டினார்கள். பாட்டிகள்கூடக் கேட்கிறார்கள்.

மெல்லோட்ரான்:
அண்ணா, அகம் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கீர்த்தனையை அவர்கள் ஆள் பிடிப்பதற்காக வைக்கவில்லை, அவர்கள் இசையே அதுதான். இவரிடம் நீங்கள் கேட்பது தனக்குச் சம்பந்தமில்லாத நாலு பாட்டை.

நீளம் ஒரு குறை என்பதையும் நான் ஏற்கவில்லை. கனடாவின் ரஷ் குழு முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். 1974-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர வானொலியில் இருந்த டோனா ஹால்ப்பர் அதிலிருந்து ஏழு நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்து ஒலிபரப்பினார். தொழிலாளியின் அன்றாடத்தைப் பாடிய பாட்டு. ஊரோ ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். தொலைபேசியில் விசாரிப்பு குவிந்தது. அந்த வருடமே பெரிய இசைத்தட்டு கம்பெனி ஒன்று அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. பாட்டை யாரும் வெட்டவில்லை. எந்த ஊருக்கு எந்தப் பாட்டு என்று ஒருவர் சரியாகக் கணித்தார், அவ்வளவுதான்.

மேடைக்குப்பின்:
கிளீவ்லாந்தில் ராக் வானொலி இருந்தது. நம் எஃப்எம்மில் காலை முதல் ராத்திரி வரை சினிமா. அந்த டோனா ஹால்ப்பர் இங்கே யார், சொல்லுங்கள். இன்றைக்கு முதல் அறிமுகம் ஒரு நிமிட ரீல்ஸில்தான் நடக்கிறது. ஒரு நல்ல நிமிடத்தை வெட்டிப் போடுவதில் என்ன பாவம்?

கோவைக் காது:
நான் வாசிப்பவள் இல்லை, கேட்பவள். 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு ஸ்வீடனின் ஓபெத் குழு வந்தபோது கோவையிலிருந்து ராத்திரி ரயில் ஏறிப் போனேன். பத்து நிமிடப் பாட்டுகளை நின்றுகொண்டே கேட்டோம், என்னைச் சுற்றி நின்ற யாரும் நகரவில்லை. ஏழெட்டு, அதே ரயிலை உங்களுக்காகவும் பிடித்திருப்பேன். ஆனால் போன மாத நிகழ்ச்சி எனக்குத் தெரியவே தெரியாது. அறிவிப்பை எங்கே போட்டீர்கள்?

ஏழெட்டு:
இரண்டு நாள் முன்னால் இன்ஸ்டா ஸ்டோரியில்.

கோவைக் காது:
ஒரே நாளில் மறைந்துபோகும் இடத்தில், அதுவும் ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களுக்கு மட்டும். பாட்டின் நீளத்தைப் பற்றிப் பேசும் முன் இதைச் சரிசெய்யுங்கள். நாங்கள் ஊருக்குப் பத்துப் பேராகச் சிதறிக் கிடக்கிறோம். மூன்று வாரம் முன்பே சொன்னால்தான் லீவு போட முடியும்.

மெல்லோட்ரான்:
இவர் சொல்வதுதான் சரி. கேட்பவர்கள் வேறு ஊரில்கூட இருக்கலாம். வேன் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ப்ராக் குழு 1971-ல் வெளியிட்ட ஆல்பம் சொந்த நாடான பிரிட்டனில் விற்பனைப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. இத்தாலியில் முதலிடம்! அதே வருடத் தொடக்கத்தில் அவர்களும் ஜெனிசிஸ், லிண்டிஸ்ஃபார்ன் என்ற வேறு இரண்டு குழுக்களும் ஒரே டிக்கெட்டில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். விலை ஆறு ஷில்லிங், மூன்று குழுவுக்கும் சேர்த்து. ஒருவருக்காக வந்தவர் மற்ற இருவரையும் கேட்டுவிட்டுப் போனார். நம் ஊரில் மூன்று ப்ராக் குழு தனித்தனியாக 38 பேரை வைத்துக்கொண்டு ஏன் தவிக்க வேண்டும்?

மேடைக்குப்பின்:
மூன்று குழு என்றால் நடுவில் டிரம்ஸ் மாற்றவே அரை மணி நேரம் போகும். கூட்டம் டீ குடிக்கப் போனால் திரும்பாது. ஒரே டிரம் செட்டை மூவரும் பகிர்ந்து, சிம்பலும் ஸ்னேரும் மட்டும் அவரவர் கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் முடியும். அதற்குச் சம்மதமென்றால் இந்த யோசனையில் எனக்கும் ஆர்வம்தான். பப் வேண்டாம், ஞாயிறு மாலை சின்ன ஹால் பார்க்கலாம். ஆனால் ரீல்ஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெல்லோட்ரான்:
ரீல்ஸ் போடுங்கள், கீழே முழுப் பாட்டின் இணைப்பும் இருக்கட்டும். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பாட்டையே மாற்றி எழுதுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொன்று. பிரிட்டனின் மரிலியன் குழுவுக்கு 1997-ல் அமெரிக்கா போய் வாசிக்கக் காசில்லை. ரசிகர்களே இணையத்தில் பேசி ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டினார்கள். அப்புறம் 2001-ல் வந்த ஆல்பத்துக்குப் பதிவு செய்யும் முன்பே 12,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். தங்களைக் கேட்பவர்கள் யார் என்று அவர்களிடம் பட்டியல் இருந்தது. ஏழெட்டு, வந்த 38 பேரில் எத்தனை பேருடைய எண் உங்களிடம் இருக்கிறது?

ஏழெட்டு:
நண்பர்கள் தவிர ஒருவருடையதும் இல்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவரிடம் ஒருவர் வந்து மூன்றாவது பாட்டின் பெயரைக் கேட்டுவிட்டுப் போனாராம். அவரிடம்கூட வாங்கவில்லை. இதை எழுதும்போதே மனசு கேட்கவில்லை.

சினிமாப் பாட்டு வேண்டாம் என்று இன்று ராத்திரி குழுவிடம் சொல்லிவிடுகிறேன். அண்ணா, ஹால் வாடகை எவ்வளவு ஆகும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். டிரம் செட் எங்களுடையது, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். இன்னும் இரண்டு குழு வேண்டும்.

கோவைக் காது:
தேதி முடிவானதும் முதலில் இங்கே போடுங்கள். ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.