கடலோரச் சின்ன ஊருக்குக் குடிபோகத் திட்டம்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டில் எதையெல்லாம் சோதிக்கணும்?

வெண்மணல்:
நகரத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு கடலோரச் சின்ன ஊர் ஒன்றில் வீடு வாங்கித் தங்க உத்தேசம். மூன்று பேர். இருவருக்கு வீட்டிலிருந்தே வேலை, கூட 74 வயது அம்மா. பார்த்து வைத்திருக்கும் வீடு அலைக்கரையிலிருந்து சுமார் 150 மீட்டர். தரைத்தளமும் ஒரு மாடியும், கட்டி 12 வருடம். தண்ணீருக்கு போர்வெல் மட்டும்தான். வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும், எந்தச் சாமானைக் கொண்டுபோகக் கூடாது, பராமரிப்புக்கு என்ன செய்யணும்? "காற்று நல்லா இருக்கும், மனசுக்கு இதம்" வகைப் பதில்கள் வேண்டாம், அதெல்லாம் தெரியும்.

துருவேட்டை:
150 மீட்டர்னா முன்வரிசை. அலை உடையும்போது தெறிக்கிற துளிதான் உப்பைச் சுமந்து வருது. அதுல பெருசா இருக்கிறது முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துடும். அதனால ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, நடுவுல மரமும் கட்டடமும் இருக்கிற வீடு வேற, இது வேற.

முதல்ல காங்கிரீட். எல்லாரும் மழை அடிக்கிற வெளிச்சுவரைத்தான் பார்ப்பாங்க. அது தப்பு. மழை உப்பைக் கழுவிவிட்டுடும். கழுவப்படாத இடத்துலதான் உப்பு சேர்ந்துக்கிட்டே இருக்கும்: சன்ஷேடோட அடிப்பக்கம், பால்கனி சீலிங், வெளிப் படிக்கட்டுக்கு அடியில, மாடித் தண்ணித்தொட்டிக்குக் கீழே. சின்னச் சுத்தியலை எடுத்து ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கிட்டே போங்க. கெட்டியான இடம் கணீர்னு கேக்கும். உள்ளே பிரிஞ்ச இடம் பொத்துப் பொத்துனு கேக்கும். விரிசல் கோணல்மாணலா இல்லாம ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா ஓடினா அதுக்குப் பின்னாடி இருக்கிற கம்பி துருப்பிடிக்குதுன்னு சந்தேகப்படணும். துரு, தின்ற இரும்பைவிட ரெண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேக்கும். அதான் காங்கிரீட்டை வெடிக்க வைக்குது.

சந்தேகம் இருந்தா ட்ரில் போட்டு 1, 3, 5 செ.மீ. ஆழத்துல தனித்தனியா தூள் எடுத்து குளோரைடு (உப்புல இருக்கிற, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற பொருள்) டெஸ்டுக்கு அனுப்புங்க. கம்பி இருக்கிற ஆழத்துல சிமென்ட் எடையில 0.4 சதவீதத்தைத் தாண்டினா துரு ஆரம்பிக்கிற நிலைமைன்னு பொதுவா எடுத்துக்குவாங்க. அளவைவிட அது எப்படி மாறுதுன்னு பார்க்கிறது முக்கியம். வெளியே அதிகமா இருந்து உள்ளே போகப் போகக் குறைஞ்சா காத்துல வந்த உப்பு. எல்லா ஆழத்துலயும் ஒரே மாதிரி அதிகமா இருந்தா, கட்டும்போதே கழுவாத கடல் மணலோ உப்புத் தண்ணியோ கலந்திருக்காங்க. அந்த வீட்டை எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம்.

நன்னீர்:
போர்வெல் பற்றி நான் சொல்கிறேன். ஒரே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்தால் எந்தக் கடலோரக் கிணறும் யோக்கியமாகத்தான் தெரியும். கோடைக் கடைசியில் போய், மோட்டாரை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிட்டு, தொடக்கத்திலும் 30, 60, 120 நிமிடங்களிலும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் நின்றால் நல்லது. 1000 தாண்டினால் வாய்க்கே தெரியும். அதைவிட, எண் நிற்காமல் ஏறுகிறதா என்பதே முக்கியம். ஏறினால், கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரை மோட்டார் மேலே இழுக்கிறது.

நன்னீர் எடை குறைவு, அதனால் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கணக்குப்படி கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு எல்லை 40 அடி ஏறி வரும். ஆகவே "இன்னும் ஆழமாப் போட்டா நல்ல தண்ணி வரும்" என்ற பேச்சு கடலோரத்தில் தலைகீழ். களிமண் அடுக்குக்குக் கீழே தனி நீரோட்டம் இருந்தால் ஒழிய, ஆழம் போகப் போக உப்புதான். ஆழமில்லாத அகலக் கிணறு, சின்ன மோட்டார், ஒரே மூச்சில் இறைக்காமல் நாளுக்கு நான்கைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக: இதுதான் முறை.

இன்னொரு குழப்பம்: வாட்டர் சாஃப்டனர் வைத்தால் உப்பு போய்விடும் என்று விற்பார்கள். போகாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கும், டிடிஎஸ் அப்படியே இருக்கும். குடிக்க ஆர்ஓ தேவை. கீசரில், தொட்டி அரிக்காமல் அதற்குப் பதிலாகத் தான் கரையும் மெக்னீசிய அனோடு கம்பி இருக்கும், உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும். வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கரைந்து முடிந்தது தெரியாமல் விட்டால் அடுத்து தொட்டிதான்.

சோக்பிட் (கழிவுநீர் உறிஞ்சு குழி) கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள், உங்கள் வீட்டுடையது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுடையதும்.

வெண்மணல்:
இருவருக்கும் நன்றி. ஒரு விஷயம்: சன்ஷேடு, பால்கனி எல்லாம் போன மாதம்தான் பூசி, முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்தார்கள். அடிப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. அது நல்லதுதானே?

துருவேட்டை:
விக்கிறதுக்கு முந்தின மாசம் பூசினதா? அப்போ சுத்தியல் இன்னும் அவசியம். வெடிச்ச இடத்தை மட்டும் கொத்தி, கம்பியைத் தேய்க்காம மேலே பூசி விட்டிருந்தா நோய் உள்ளேயே இருக்கு. இன்னும் மோசம், புதுசா பூசின துண்டைச் சுத்தியிருக்கிற பழைய காங்கிரீட்ல உப்பு அப்படியே இருக்கும், அந்த விளிம்புல துரு முன்னைவிட வேகமா ஓடும். பேட்ச்சைச் சுத்தி வளையம் மாதிரி புது விரிசல் வர்றது இதனாலதான். ஒழுங்கான வேலைன்னா கம்பிக்குப் பின்னாடி 2 செ.மீ. வரைக்கும் குடைஞ்சு, துரு இல்லாத கம்பி தெரியிற வரை நீளவாக்குல திறந்து, சுத்தம் பண்ணி அப்புறம் பூசணும். வேலை நடந்தப்போ எடுத்த போட்டோ கேளுங்க.

உலோகம்: "ஸ்டெயின்லெஸ்தான் சார்"னு சொன்னா எந்த ரகம், 304-ஆ 316-ஆன்னு கேளுங்க. 316-ல 2-3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்பைத் தாங்கும். 304 கைப்பிடியில டீ சிந்தின மாதிரி பழுப்புக் கறை வரும். காந்தம் வச்சுப் பிரிக்க முடியாது, ரெண்டும் சரியா ஒட்டாது. கறையைக் கம்பி நாரால தேய்க்கவே கூடாது. நார்ல இருந்து உதிர்ற இரும்புத் துகள் அதுலயே தங்கி மறுபடி துருவாகும். நல்ல தண்ணியால கழுவினாலே பாதி வேலை முடிஞ்சுது. ஜன்னல் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) வாங்கினாலும் கீலும் தாழ்ப்பாளும் என்ன உலோகம்னு பாருங்க, முதல்ல போறது அதுதான்.

ஈரக்காற்று:
முன்வரிசையே கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா உடனே வாங்காதீங்க, ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க, எல்லாப் பருவமும் தெரிஞ்சுடும். சீசன்ல மட்டும் திறக்கிற கடை எது, மருந்துக் கடை எத்தனை மணிக்கு மூடுதுங்கிறதெல்லாம் சுற்றுலாக் கூட்டம் போனப்புறம்தான் புரியும்.

ஏசி வெளி யூனிட் கடலைப் பார்த்து இருக்கக் கூடாது, வீட்டோட மறுபக்கம் வைங்க. பின்பக்கத்துல இருக்கிற மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கிட்டப்போய்ப் பார்த்தா வெள்ளைப் பொடி பூத்திருக்கும். விரலால தொட்டா உதிரும். செம்புக் குழாயும் அலுமினியமும் ஒட்டுற இடத்துல உப்பு ஈரம் நின்னா அலுமினியம் கரையும். மாசம் ஒருமுறை மின்சாரத்தை அணைச்சுட்டு, சாதா ஹோஸால மேலிருந்து கீழே கழுவுங்க. பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிப்போகும்.

கொண்டுபோகக் கூடாதது: பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோட அழுத்திச் செஞ்ச பலகை) அலமாரி. ஈரத்துல அடிப்பக்கம் ஊதி ஸ்குரூ பிடி விட்டுடும். கேமரா லென்ஸ் இருந்தா காத்துப்புகாத பெட்டியில 40-50 சதவீத ஈரப்பதத்துல வைங்க. வீட்டுக்குள்ள ஈரப்பதம் 60-க்கு மேல நாள் கணக்கா நின்னா பூஞ்சை வரும். பீரோவைச் சுவரை ஒட்டி வைக்காம நாலு விரல் இடம் விடுங்க.

இன்டர்நெட்: ரெண்டு கம்பெனி லைன் எடுத்தாலும் ஒரே கம்பத்துல வந்தா ஒரே மரம் விழுந்து ரெண்டும் போகும். ஒண்ணை மொபைல் டேட்டாவா வச்சுக்குங்க. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 20 வாட் எடுக்கும்னு வச்சா, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி மூணு மணி நேரம் தாங்கும்.

அம்மாவுக்காக ஒண்ணு. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுக்கணும். 24 மணி நேரமும் சிடி எடுக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு கிலோமீட்டர்ல பார்க்காதீங்க. ராத்திரி நேரத்துல, மழையில எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க.

வெண்மணல்:
வாங்கும் யோசனையைத் தள்ளிவைத்து வாடகைக்குப் பேசிப் பார்க்கிறேன். அடுத்த வாரம் மறுபடி போகிறேன், எந்த நாள் போனால் நல்லது?

நன்னீர்:
அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாள், கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து. தெருச் சாக்கடை கடலுக்கு ஓடுகிறதா, எதிர்த்து வருகிறதா என்று பாருங்கள். கீழ்த்தளக் கழிவறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எத்தனை நொடியில் இறங்குகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் கழித்து, கடல் வற்றியதும் அதே வாளியை இன்னொரு தடவை ஊற்றுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் செப்டிக் டேங்க் நிலத்தடி நீரில் நிற்கிறது.