தெலுக் பெலாங்கா கழுத்துத் தையல்: வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஹரி ராயாவுக்குத் தெலுக் பெலாங்கா பாணியில் பாஜு மெலாயு (மலாய் ஆண்கள் உடுத்தும் பாரம்பரிய உடை) ஒன்று தைப்பில் இருக்கு. இன்னொரு பாணியான செக்காக் மூசாங் மாதிரி நிற்கும் காலரும் 5 பொத்தானும் இதில் கிடையாது. வட்டக் கழுத்து, சின்னப் பிளவு, ஒற்றைப் பொத்தான். இடுப்பில் சுற்றும் சம்பின் துணியும் சட்டைக்கு உள்ளே போய்விடும். அதனால் கழுத்து விளிம்பில் போடும் 'தூலாங் பெலூட்', அதாவது விலாங்கு முள் கைத்தையல்தான் சட்டைக்கே அழகு.

பருத்தியில் சரியாக வருது. சாட்டினில் வளைவுக்கு வந்ததும் துணி இழுத்துச் சுருங்குது; நூலைத் தளர்த்தினால் முள் வரிசை கோணுது. எத்தனை இழை நூல், எத்தனாம் நம்பர் ஊசி? கழுத்து உள்பட்டையை கிராஸில் (துணியின் மூலைவாட்டில்) வெட்டலாமா?

அக்குளில் வைக்கும் கெக்கெக் துண்டில் சிக்கல் இல்லை, மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தியாச்சு. கழுத்து மட்டும்தான் பாக்கி.