அப்பாவின் வெப்ளி ரிவால்வர்: வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊர் பென்னாகரம் பக்கம். முன்னாள் ராணுவத்தினரான அப்பாவின் லைசென்ஸ் பெற்ற .32 வெப்ளி ரிவால்வரில் கைப்பிடித் தகடு விரிசல் விட்டுவிட்டது. குழலை மடக்கித் திறந்தால் காலித் தோட்டாக்கள் தானாக மேலெழுந்து விழும். அந்த வேலைப்பாடு இன்றும் பிசகவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, திரும்ப வாங்கியதும் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வைப்பார்.

தம்பி பாலிமர் (உறுதியான பிளாஸ்டிக்) சட்டகம் கொண்ட பிஸ்டலுக்கு மாறச் சொல்கிறான். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17 எடை குறைவு, 17 தோட்டா கொள்ளும், சட்டகம் துருப்பிடிக்காது. எல்லாம் சரிதான். ஆனால் அதற்குரிய 9 எம்.எம். தோட்டா அளவு நம்மைப் போன்றவர்களின் லைசென்ஸில் வராதே! அப்பாவுக்கோ இரும்பின் கனம் கையில் இருந்தால்தான் நம்பிக்கை. எனக்கும் அப்படியே.

சேலம், பெங்களூரு பக்கம் இதற்குத் தகடு செய்து தரும் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடை தெரிந்தால் சொல்லுங்கள். பழுதுக்குக் கொடுக்கும்போது என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும் என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.