பயிற்சிச் செயலிகள் கற்றுத் தருகின்றனவா, விடையை மட்டும் தருகின்றனவா?

கணக்கு டீச்சர்:
½ + ⅓ எவ்வளவு என்று கேட்டால் ⅖ என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிடுகிறார்கள். நோட்டைப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். "கூட்டிய பிறகு விடை அரையைவிடக் குறைந்திருக்கிறதே, எப்படி?" என்று மட்டும் கேட்பேன். பிள்ளை கொஞ்ச நேரம் முழிக்கும், அப்புறம் தானே அழித்துவிட்டு மறுபடி போடும். நான் பார்த்த செயலிகள் சிவப்பில் 'தவறு' என்று காட்டிவிட்டு 5/6 என்ற விடையையும் தாங்களே போட்டுவிடுகின்றன. பிள்ளை அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது, குழப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

நிரலாளர்:
டீச்சர், அது மோசமான செயலியின் குறை. ⅖ என்று வந்தால் எந்த வழியில் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் அதே கேள்வியைச் செயலியையும் கேட்க வைக்கலாம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நோட்டு திருத்தி வர ஒரு வாரம் ஆகிறது. அதற்குள் என்ன நினைத்து அப்படி எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்துவிடும். இன்னொன்று, பார்வையற்ற மாணவருக்குக் கணினி வந்த பிறகுதான் பல புத்தகங்களின் கதவே திறந்தது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் 2006 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. 'திரையே வேண்டாம்' என்பவர்கள் அவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு அப்பா:
திரைவாசிப்பான் பற்றி யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் 'இனி எல்லாம் மாறிவிடும்' என்ற பேச்சு பழையது. பள்ளிகளில் புத்தகம் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், சலனப்படமே பாடம் நடத்தும் என்று எடிசன் 1913இல் சொன்னார். பெரு நாட்டில் 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தைக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. கருவியைக் கொடுத்தார்கள், அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பதற்குப் போதிய பயிற்சி இல்லை. என் கவலை அதுதான். கருவி வாங்கப் பணம் இருக்கிறது, ஆசிரியரைத் தயார்படுத்த மட்டும் இல்லை என்கிறார்கள்.

கணக்கு டீச்சர்:
சரி, நல்ல செயலி என்றே வைத்துக்கொள்வோம். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்களே முன்னே இருந்தார்கள். அந்தச் சிரமம்தான் படிப்பு. கேட்டவுடன் விடை கொடுக்கும் எதுவும், இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உட்பட, அந்தச் சிரமத்தைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

நிரலாளர்:
அந்த ஆய்வு என் பக்கம்தான் பேசுகிறது! யாருக்கு எந்தக் கேள்வியை எத்தனை நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்பது என்று நாற்பது பேருக்கும் ஒரு ஆசிரியரால் கணக்கு வைத்திருக்க முடியுமா? இயந்திரம் அதைச் சலிக்காமல் செய்யும். பிள்ளை முயன்று பார்க்கும் வரை விடையைக் காட்டாமல் வைப்பதும் எளிது.

கணக்கு டீச்சர்:
விடையை மறைத்து, பிள்ளை எழுதிய வழிமுறையை எனக்குக் காட்டும் செயலி இருந்தால் நாளைக்கே வகுப்பில் வைத்துக்கொள்கிறேன். மதிப்பெண் பட்டியல் எனக்கு வேண்டாம். முதலில் எந்த வரியில் தடுமாறியது என்று தெரிய வேண்டும்.

ஒரு அப்பா:
அதையும் உட்கார்ந்து பார்க்க டீச்சருக்கு நேரம் வேண்டுமே. செயலி வந்துவிட்டது என்று சொல்லி வகுப்புக்கு இன்னும் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டால், அந்த வரியை யார் பார்ப்பது?