புதுப்பிப்பு: அயர்லாந்து கிராமத்தில் பக்கத்து வயலில் புது வீடு, ஆட்சேபம் என்ன ஆனது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. செப்டிக் டேங்குடன் வரவிருந்த வீட்டுக்கு எப்படி ஆட்சேபிப்பது என்று கேட்டிருந்தேன். கவுன்சில் அனுமதி மறுத்துவிட்டது.

விண்ணப்பம் கவுன்சிலுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 5 வாரத்துக்குள், 20 யூரோ கட்டி எழுத்தில் கொடுத்தாயிற்று. காட்சி மறைகிறது, விலை குறையும் என்றெல்லாம் எழுதாமல் விண்ணப்பத்தோடு இருந்த மண் பரிசோதனை அறிக்கையைப் பிடிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. சோதனைக் குழிப் படத்தில் முக்கால் மீட்டர் ஆழத்திலேயே சாம்பலும் துருநிறமுமாகத் திட்டுகள். குளிர்காலத்தில் நிலத்தடி நீர் அதுவரை ஏறுகிறது என்பதற்கு அதுதான் தடயம்; அப்படி ஏறினால் செப்டிக் டேங்க் கழிவுநீரை மண் சரியாக வடிகட்டாது. குழி தோண்டியதோ கோடையில். அறிக்கையில் தண்ணீர் இல்லை என்று இருந்தது. வாகனப் பார்வைத் தூரத்தையும் (வீட்டு வாசலிலிருந்து சாலைக்கு வரும்போது வண்டிகள் தெரியும் தூரம்) எழுதினோம், ஆனால் பார்வையை மறைக்கும் வேலியை வெட்ட அடுத்த நிலக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்துவிட்டதால் அது எடுபடவில்லை.

எதிர்பாராதது: கவுன்சில் விண்ணப்பதாரரிடம் கூடுதல் விவரம் கேட்டு, அது வந்ததும் அவரை மறு அறிவிப்பு போட வைத்தது. முன்பே மனு கொடுத்தவர்கள் அதன்மேல் மறுபடி எழுதக் கட்டணமில்லை. அவகாசம்தான் வெறும் 2 வாரம்.

கவுன்சில் தரும் ஒப்புகைக் கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். அனுமதி கொடுத்திருந்தால் 4 வாரத்துக்குள் மேல்முறையீடு போக வேண்டும்; அந்தக் கடிதம் இணைக்காவிட்டால் ஏற்கவே மாட்டார்கள்.